போன் ஐவர்: குடிலில் தொடங்குவதா, கருவியில் தொடங்குவதா?

ஜஸ்டின் வெர்னன் தொடங்கிய அமெரிக்க இசைக்குழு போன் ஐவர். அதைப் புதிதாகக் கேட்பவர் எதில் ஆரம்பிக்கலாம்? 2007இல் வந்த 'ஃபார் எம்மா, ஃபாரெவர் அகோ'விலா, 2016இன் '22, எ மில்லியன்' ஆல்பத்திலா?

முதலாவது சீக்கிரம் மனதில் ஒட்டிக்கொள்ளும். ஜஸ்டின் வெர்னன் விஸ்கான்சினில், அப்பாவின் வேட்டைக் குடிலில் ஒரு குளிர்காலம் முழுக்கத் தங்கி உருவாக்கியது. பெரும்பாலும் அக்கூஸ்டிக் கிதார், அடுக்கடுக்கான உச்சக் குரல்.

இரண்டாவதற்குப் பொறுமை வேண்டும். கிதார் பின்னால் போய், சாம்பிள்களும் (வேறு ஒலிப்பதிவுகளிலிருந்து எடுத்த துணுக்குகள்) சிந்தசைசரும் முன்னால் வந்துவிட்டன. '715 – க்ரீக்ஸ்' பாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். தாளம் இல்லை, கிதார் இல்லை, ஒரே ஒருவர் பாடுகிறார். ஒலிப்பொறியாளர் கிறிஸ் மெசினாவோடு சேர்ந்து அமைத்த 'மெசினா' என்ற கருவி, பாடப் பாடவே அந்தக் குரலைப் பல சுருதிகளாகப் பிரிக்கிறது. கடைசியில் அவர் கத்தும்போது அத்தனை குரல்களும் சேர்ந்து கத்துகின்றன. இயந்திரத்துக்குள்ளிருந்து இவ்வளவு வலி வருமா!

இந்த ஆல்பத்தில் வெர்னன் முதல் ஆல்பத்தின் நாட்டுப்புற இசையைத் திடீரெனக் கைவிட்டார் என்று யாராவது சொன்னால், நான் ஏற்கமாட்டேன். 2009இலேயே 'வுட்ஸ்' பாட்டு முழுக்க ஆட்டோ-டியூன் (சுருதியை மாற்றும் மென்பொருள்) குரல்தான்.

பாட்டு வரிகளோடு ஒன்ற நினைத்தால் முதலாவது. நல்ல ஹெட்ஃபோனும் தனிமையும் இருந்தால் தயங்காமல் இரண்டாவது. என் ஓட்டும் அதற்குத்தான்.