சிஎஸ்50: ஐடி துறைக்கு வர நினைப்பவர் முதலில் படித்துப் பார்க்க வேண்டிய பாடநெறி

ஐடி துறைக்கு ஏன் வர விரும்புகிறீர்கள் என்று நேர்முகத் தேர்வில் கேட்டால், பெரும்பாலோர் மனப்பாடம் செய்த பதிலைத்தான் சொல்கிறார்கள். சம்பளம், வெளிநாட்டு வாய்ப்பு, வீட்டாரின் விருப்பம் ஆகிய உண்மையான காரணங்களை அங்கே யாரும் வாய்திறந்து சொல்வதில்லை. வணிகவியல் படித்துக் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கும் எனக்கும் முதல் காரணம் சம்பளமே. அதில் வெட்கப்பட எதுவும் இருப்பதாக நான் கருதவில்லை. அதற்கு அடுத்த காரணம், வங்கிக் கணக்கைச் சரிபார்க்க எக்செலில் நானே எழுதிய மேக்ரோ (வேலையைத் தானாகச் செய்யும் சிறு நிரல்) ஒன்று முதல்முறையாகச் சரியாக ஓடியபோது கிடைத்த ருசி. அந்த ருசி ஒரு தொழிலுக்குப் போதுமானதா என்று பார்க்கவே ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் கணினி அறிவியல் அறிமுகப் பாடநெறியான சிஎஸ்50-ஐப் படித்தேன்.

2007 முதல் பேராசிரியர் டேவிட் மாலன் பொறுப்பில் நடந்துவரும் இப்பாடநெறியின் காணொளிகளையும் நிரல் எழுதித் தீர்க்க வேண்டிய பயிற்சிக் கணக்குகளையும் இணையத்தில் எவரும் கட்டணமின்றிப் பெறலாம். முதல் வாரம் (இங்கே வாரங்களைப் பூஜ்ஜியத்திலிருந்து எண்ணுகிறார்கள்) கட்டைகளை அடுக்கி நிரல் எழுதும் ஸ்கிராட்ச். அடுத்த வாரமே சி என்னும் நிரலாக்க மொழி. பிறகு நினைவகம், தரவுக் கட்டமைப்புகள், பைத்தான் மொழி, தரவுத்தளங்களுக்கான எஸ்கியூஎல் மொழி, இணையதள உருவாக்கம் என்று வரிசையாகச் செல்கிறது. நிரல் எழுதுவதற்கான ஏற்பாடு முழுவதும் உலாவியிலேயே இருப்பதால் பழைய மடிக்கணினியே போதும்.

விரிவுரைகளை எல்லோரும் புகழ்கிறார்கள், அந்தப் புகழ்ச்சி நியாயமானதே. ஆனால் இப்பாடநெறியின் உயிர் பயிற்சிக் கணக்குகளில் இருக்கிறது. நான்காம் வாரத்து 'ரெகவர்' கணக்கில், படங்கள் அழிக்கப்பட்ட கேமரா அட்டை ஒன்றின் நகலைக் கொடுத்து, அதிலிருந்து 50 படங்களை மீட்கச் சொல்கிறார்கள். கோப்பை 512 பைட்டுகள் கொண்ட துண்டுகளாகப் படித்துக்கொண்டே போக வேண்டும். ஒரு துண்டின் முதல் நான்கு பைட்டுகள் ஜேபெக் படத்துக்குரிய அடையாளத்தோடு பொருந்தினால், அங்கே புதிய படம் தொடங்குகிறது என்று பொருள். நிபந்தனையில் ஓர் அடைப்புக்குறி இடம் மாறினாலும் ஒரு படமும் கிடைக்காது, அல்லது பாதிப் படம் கிடைக்கும். செக்50 என்ற சோதனைக் கருவி, சரியான விடைக்குச் சிரித்த முகமும் தவறான விடைக்குச் சுளித்த முகமும் காட்டும். சுளித்த முகத்தையே ஒரு மாலை முழுவதும் பார்த்துக்கொண்டிருந்த பிறகும், தவறு எந்த வரியில் இருக்கிறது என்று தேட மனம் வருகிறதா என்பதை இந்த இடத்தில் ஒருவர் தன்னைத்தானே அறிந்துகொள்ள முடியும். சம்பளத்துக்காக வந்தவரும் இதைத் தாண்டலாம், ஆர்வத்தோடு வந்தவரும் இங்கே சலித்துப் போகலாம். நான் எந்தப் பக்கம் என்பது எனக்கு இந்த வாரத்தில்தான் தெளிவாயிற்று.

குறைகளும் உண்டு. விரிவுரையில் காட்டும் எடுத்துக்காட்டுகளுக்கும் கணக்குகளின் கடினத்துக்கும் இடையே பெரிய இடைவெளி இருக்கிறது. குறும் விளக்கக் காணொளிகளைத் தவிர்த்தால் இரண்டாம் வாரத்திலேயே மூச்சு முட்டும். மாலன் வேகமாகப் பேசுபவர், தமிழ்வழியில் படித்தவர்கள் ஆங்கில வசனவரிகளை ஓடவிட்டு, வேகத்தைக் குறைத்துப் பார்ப்பது நல்லது. கேள்வி கேட்கும்போது விடையைத் தராமல் குறிப்பு மட்டும் தரும் வாத்து வடிவச் செயற்கை நுண்ணறிவு உதவியாளர் முதலில் எரிச்சலூட்டினாலும், வெளியே உள்ள சாட்ஜிபிடி போன்றவற்றைப் பயன்படுத்தக் கூடாது என்ற விதியோடு சேர்த்துப் பார்க்கும்போது, அதன் அவசியம் புரிகிறது.

சான்றிதழைப் பொறுத்தவரை, எல்லாக் கணக்குகளையும், நாமே ஒரு மென்பொருளை உருவாக்கும் இறுதித் திட்டத்தையும் முடித்தால் பாடநெறியே இலவசமாக ஒன்றைத் தருகிறது. எட்எக்ஸ் என்ற இணையவழிக் கல்வித் தளத்தின் சரிபார்க்கப்பட்ட சான்றிதழுக்குத் தனிக் கட்டணம் உண்டு. என் மதிப்பீட்டில் இலவசச் சான்றிதழே போதும், ஏனெனில் வேலை கொடுப்பவர்கள் பார்க்க விரும்புவது நீங்கள் உருவாக்கிய இறுதித் திட்டத்தை.

மூன்று மாதத்தில் வேலை வேண்டும் என்ற நெருக்கடியில் இருப்பவருக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டேன்; சி மொழியில் செலவிடும் வாரங்கள் அவருக்கு வீணாகத் தோன்றும். கையிலுள்ள வேலையை விட்டுவிட்டு, கடன் வாங்கிப் பயிற்சி மையத்தில் சேர யோசிப்பவர், பணத்தைக் கட்டுவதற்கு முன் இதன் நான்காம் வாரம் வரையாவது முடித்துப் பார்க்கட்டும்.