பிசினஸ் வகுப்பில் சைவச் சாப்பாட்டுக்குத் தனிக் காசு கேட்டால் கவனம்

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளிடம் போய்வரும் என் வயதுக்காரர்களுக்காக இதை எழுதுகிறேன். பிள்ளைகள் பிசினஸ் வகுப்புக்குக் காசு அனுப்பி, ரிக்கெற் எடுக்கும் பொறுப்பை இங்கே வவுனியாவிலோ கிளிநொச்சியிலோ உள்ள ஒரு பயண முகவரிடம் விட்டிருந்தால், அவர் தந்த பற்றுச்சீட்டில் சாப்பாட்டு ஏற்பாடு என்று தனியாக ஒரு தொகை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். எங்களுடைய சீட்டில் ‘சாப்பாடு மற்றும் லவுஞ்ச் (விமான நிலையத்தில் காத்திருக்கும்போது இளைப்பாறும் தனி அறை) ஏற்பாடு’ என்று 24,000 ரூபா எழுதப்பட்டிருந்தது.

என் மனைவிக்கு வயது 68. முழங்காலில் சத்திரசிகிச்சை செய்தவர். சீனி வருத்தத்துக்குப் பல வருடமாக இன்சுலின் போடுகிறவர். வற்றாப்பளை அம்மனுக்கு வைத்த நேர்த்தியோடு மச்சத்தை விட்டவர், முட்டையும் தொடமாட்டார். அம்மா காலை நீட்டிப் படுத்துக்கொண்டு வரட்டும் என்றுதான் ரொறன்ரோவில் இருக்கும் மகன் இந்த வகுப்பில் ரிக்கெற் எடுக்கச் சொன்னான். இருவருக்குமாகக் கொடுத்த தொகையை இங்கே எழுதினால் வாசிப்பவர்கள் என்னைத்தான் திட்டுவார்கள் என்பதால் அதை விடுகிறேன். முகவரிடம் மனைவியின் இரண்டு தேவைகளையும், சைவம் என்பதையும் சீனி வருத்தம் என்பதையும், ஆறுதலாகச் சொன்னேன். “ஐயா, ஒண்டுக்கும் யோசியாதேங்கோ, அம்மாவுக்கு வீட்டுச் சாப்பாடு மாதிரியே வரும்” என்று சொல்லி, தன்னுடைய நிறுவனத் தலைப்பிட்ட தாளில் இரண்டையும் அச்சடித்தும் தந்தார். அந்தத் தாளை நான் பாஸ்போட்டோடு சேர்த்துப் பத்திரமாக வைத்திருந்தேன். அதற்கு எந்தப் பெறுமதியும் இல்லை என்பது விமானத்தில் ஏறிய பிறகுதான் தெரிந்தது.

கட்டுநாயக்கவிலிருந்து வளைகுடா வரையிலான முதல் பறப்பு நடுச்சாமத்தில் என்பதால் மனைவி ஒன்றும் வேண்டாம் என்று படுத்துவிட்டார். இறங்கிய இடத்தில் ஐந்து மணித்தியாலக் காத்திருப்பு. லவுஞ்ச் வாசலில் எங்கள் போர்டிங் பாஸை இயந்திரத்தில் வைத்ததும் சிவப்பு விளக்கு எரிந்தது. எங்களுடையது பிசினஸ் வகுப்பில் ஆகக் குறைந்த கட்டண வகை என்றும், அதில் லவுஞ்ச் சேராது என்றும் அங்கிருந்த பெண் பணிவாக விளக்கினார். இப்படி ஆசனத்தை மட்டும் தந்து மற்றவற்றைக் கழித்துவிடும் மலிவு வகை ரிக்கெற்றுகளை இப்போது சில விமான நிறுவனங்கள் விற்கின்றன. வாங்குபவருக்குத் தெரிந்திருந்தால் அதில் பிழை ஒன்றும் இல்லை. எங்களுக்கு அது முழு விலை ரிக்கெற் என்று சொல்லப்பட்டிருந்தது. பொதுக் கூடத்துக் கதிரையில் இருந்து, கைப்பையில் கொண்டுபோன ரொட்டியைச் சாப்பிட்டோம்.

இரண்டாவது பறப்பு ஏறத்தாழப் பதினான்கு மணித்தியாலம். மேசையில் வெள்ளைத் துணி விரித்து, சிறிய உப்புக் குடுவையும் மிளகுக் குடுவையும் வைத்துவிட்டுப் போனார்கள். சாப்பாடு வரப்போகிறது என்று நம்பி, மனைவி சாப்பாட்டுக்கு முன் போடும் இன்சுலினைப் போட்டுக்கொண்டார். கால் மணித்தியாலம் கழித்து வந்த தட்டைத் திறந்தால், அவித்த கோழித்துண்டும் பச்சைப் போஞ்சியும் இருந்தன. பணிப்பெண் தன் பட்டியலைப் பார்த்து, உங்கள் பெயருக்குச் சீனி வருத்தக்காரருக்கான சாப்பாடுதான் பதிவாகியிருக்கிறது, சைவம் என்று எதுவும் இல்லை என்றார். பொதுவான சாப்பாட்டுப் பட்டியலில் இருந்த ஒரேயொரு மரக்கறி உணவையும் முன் வரிசைகளில் எடுத்துவிட்டார்களாம். அவர்கள் வேறு ஏதாவது தேடிக்கொண்டிருக்கும்போதே மனைவியின் கை நடுங்கத் தொடங்கியது. நெற்றியில் வேர்வை அரும்பி, கேட்ட கேள்விக்கு மறுமொழி சொல்ல முடியாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பணிப்பெண் ஓடிப்போய்த் தோடம்பழச் சாறும் பாணும் கொண்டுவந்து, பக்கத்தில் முழங்காலிட்டிருந்து பருக்கினார். பத்துப் பதினைந்து நிமிடத்தில் தெளிந்துவிட்டார். அந்த ஊழியர்கள்மீது எனக்கு ஒரு குறையும் இல்லை. சாப்பாட்டைத் தரையில் சமைத்து ஏற்றிக்கொண்டுதான் விமானம் கிளம்புகிறது. ஏற்றாத சைவத் தட்டை அவர்கள் எங்கிருந்து கொண்டுவருவார்கள்? இன்சுலின் போடுபவர்கள், தட்டு கண்முன்னே வந்து, அது தாங்கள் சாப்பிடக்கூடியதுதான் என்று பார்த்த பிறகே ஊசியை எடுக்க வேண்டும் என்று ரொறன்ரோவில் மருத்துவர் சொன்னார்.

நடந்தது என்னவென்று மகன் பிறகு தேடிச் சொன்னான். சிறப்புச் சாப்பாடுகளுக்கு விமான நிறுவனங்கள் நான்கு எழுத்துக் குறிகளை வைத்திருக்கின்றன. ‘டிபிஎம்எல்’ (DBML) என்றால் சீனி வருத்தக்காரருக்கானது. அது சைவம் அல்ல, அதில் கோழியோ மீனோ இருக்கலாம். ‘ஏவிஎம்எல்’ (AVML) என்பதுதான் எங்கள் பக்கத்துச் சுவையோடு வரும் மரக்கறிச் சாப்பாடு. ‘விஜிஎம்எல்’ (VGML) பாலும் முட்டையும் சேராத, பெரும்பாலும் மேல்நாட்டு முறையில் சமைத்த மரக்கறி. பெரும்பாலும் ஒருவருக்கு ஒரு குறியைத்தான் பதியலாம் என்பதால், இரண்டு தேவையும் உள்ளவர் சைவத்தைப் பதிந்து, இனிப்பைத் தானே ஒதுக்கிவிடுவதுதான் வழி. பொதுவாகப் புறப்படுவதற்குக் குறைந்தது 24 மணித்தியாலத்துக்கு முன் பதிய வேண்டும், ஒவ்வொரு பறப்புக்கும் அது இருக்க வேண்டும். ரிக்கெற்றை ஒரு நிறுவனம் விற்று இன்னொரு நிறுவனம் பறக்கவிட்டால், பறக்கவிடுபவரின் பட்டியலில் அது ஏறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இத்தனைக்கும் அநேகமான நிறுவனங்கள் ஒரு சதமும் அறவிடுவதில்லை. ரிக்கெற்றில் உள்ள ஆறு எழுத்துக் குறியீட்டையும் குடும்பப் பெயரையும் நிறுவனத்தின் இணையத்தளத்தில் கொடுத்து, திரும்பி வரும் பயணத்துக்கு மகன் ஐந்து நிமிடத்தில் சைவத்தைப் பதிந்தான்.

திரும்பும்போது மனைவிக்குச் சோறும் பருப்பும் உருளைக்கிழங்குக் கறியும் வந்தன. உப்புக் காணாது என்றார். விமானத்துக்குள் காற்றழுத்தம் ஆறாயிரம் முதல் எட்டாயிரம் அடி உயரத்தில் உள்ளதைப் போன்றது. எங்கள் நாட்டுக் கணக்கில் நுவரெலியாவுக்கும் பீதுருதாலகாலை உச்சிக்கும் இடைப்பட்ட உயரம். காற்றும் வறண்டது என்பதால் நாக்குக்கு உப்பும் இனிப்பும் மங்கித்தான் தெரியும். ஆனாலும் தட்டை வழித்துச் சாப்பிட்டார்.

ஊர் திரும்பி முகவரிடம் போனபோது, அது எயார்லைன்காரரின் பிழை என்றார். அவர் பதிந்த குறியின் அச்சுப் பிரதியை மேசையில் வைத்ததும், கணினியைப் பார்த்துக்கொண்டு, அந்த 24,000 ரூபா ‘சேவைக் கட்டணம்’ என்று பேச்சை மாற்றினார். நுகர்வோர் விவகார அதிகாரசபையின் 1977 என்ற இலக்கத்துக்கு எடுத்துக் கேட்டேன். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின்படி முறைப்பாட்டை எழுத்தில், சேவை பெற்ற மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். நாங்கள் ஐந்து மாதம் கனடாவில் இருந்துவிட்டோம். போகிறவர்கள் பற்றுச்சீட்டின் படத்தைக் கைத்தொலைபேசியில் எடுத்துக்கொண்டு போங்கள்; பிழை நடந்தால் அங்கே இருக்கும்போதே, இங்குள்ள ஓர் உறவினர் மூலமாக முறைப்பாட்டை அனுப்பிவிடுங்கள்.