மிக் லேஅவுட்: ஸ்விங் திரைகளைப் பிரித்து எழுத உதவிய லைப்ரரி

மருந்து மொத்த வியாபாரிகளுக்கான பில்லிங் மென்பொருள் ஒன்றை ஒன்பது வருடமாகப் பார்த்துக்கொள்கிறேன். ஜாவா மொழியில் திரைகளும் ஜன்னல்களும் உருவாக்கும் ஸ்விங்கில் எழுதியது. அதில் வாடிக்கையாளர் திரையின் கன்ஸ்ட்ரக்டர் (திரையை உருவாக்கும்போது முதலில் ஓடும் பகுதி) மட்டும் 700 வரி இருந்தது.

பாதிக்கு மேல் கிரிட்பேக்லேஅவுட் சமாச்சாரம், அதாவது எந்தப் பெட்டி எந்தக் கட்டத்தில் வரும் என்று சொல்லும், ஸ்விங்கோடு வரும் முறை. இடம், அகல விதிகளை வைத்திருக்கும் ஒரே கன்ஸ்ட்ரெயின்ட் ஆப்ஜெக்ட்டை எல்லாப் பெட்டிகளுக்கும் திரும்பத் திரும்பப் பயன்படுத்தியிருந்தேன். முகவரிப் பெட்டிக்கு வெயிட்எக்ஸ் (மிச்ச அகலத்தில் பங்கு) 1 என்று வைத்தால், திரும்ப 0 ஆக்கும்வரை கீழே வரும் அத்தனைக்கும் அது ஒட்டிக்கொண்டே வரும். நடுவில் ஒரு பெட்டி நுழைந்தால் அதற்குக் கீழுள்ள கிரிட்ஒய் (வரிசை) எண்களை எல்லாம் மாற்ற வேண்டும். ஒவ்வொரு வரியும் மேல் வரியை நம்பி நின்றதால், தனி மெத்தடாக (தனியே அழைக்கக்கூடிய துண்டாக) எதையும் வெட்டி எடுக்க முடியவில்லை.

கிரிட்பேக்குக்குப் பதிலாக நான் எடுத்துக்கொண்ட லைப்ரரிதான் மிக் லேஅவுட். அதில் 'ராப் 2' என்று ஒருமுறை சொல்லி, நெடுவரிசைகளுக்கு '[ரைட்][குரோ, ஃபில்]' (முதலாவது வலப்பக்கம் ஒட்டி, இரண்டாவது நீண்டு நிரப்பி) என்று கொடுத்தால் போதும். லேபிள், பெட்டி, லேபிள், பெட்டி என்று சேர்த்துக்கொண்டே போகலாம். இரண்டிரண்டாக அதுவே கீழே இறங்கும். ஜன்னலை இழுத்தால் பெட்டி மட்டும் நீளும். வரிசை எண்ணே எழுத வேண்டாம். அப்புறம் என்ன, முகவரிக்கு ஒரு மெத்தட், ஜிஎஸ்டி விவரத்துக்கு ஒன்று, கடன் வரம்புக்கு ஒன்று. ஒவ்வொன்றும் ஒரு ஜேபேனலை (திரையின் ஒரு பகுதியை) கட்டித் திருப்பித் தருகிறது. கன்ஸ்ட்ரக்டர் இப்போது 12 வரி. திரை மேலிருந்து கீழே எப்படித் தெரிகிறதோ, நிரலும் அதே வரிசையில் இருக்கிறது.

பிரித்ததும் ஒரு சிக்கல் வந்தது. ஒவ்வொரு பேனலுக்கும் கட்டம் தனி என்பதால், முகவரி லேபிள்களும் ஜிஎஸ்டி லேபிள்களும் ஒரே கோட்டில் நிற்கவில்லை. முதல் நெடுவரிசையை எல்லா இடத்திலும் '[110!, ரைட்]' (மாறாத 110 அகலம்) என்று இறுக்கிவைத்தேன், சரியாகிவிட்டது. ஜிஎஸ்டி பெட்டியை மறைத்தால் காலி இடம் தெரிந்தது. அதற்கு 'ஹைட்மோட் 3' போட்டேன், மறைந்த பெட்டிக்கு இடமே ஒதுக்காது.

எனக்கு உண்மையிலேயே பிடிக்காதது, எல்லாமே ஸ்ட்ரிங் (மேற்கோள் குறிக்குள் வரும் வெறும் எழுத்து) என்பதுதான். எழுத்துப்பிழை கம்பைலில் (ஓட்டுவதற்கு முன் நடக்கும் சரிபார்ப்பில்) பிடிபடாது, திரையைத் திறக்கும்போதுதான் எக்ஸெப்ஷன் (பிழை) விழும். ஸ்ட்ரிங்குக்குப் பதிலாக மெத்தட்களாகவே எழுதவும் லைப்ரரியில் வழி இருக்கிறது, ஆனால் வரி நீண்டுவிடுகிறது. 'டீபக்' என்று சேர்த்தால் கட்டக் கோடுகளை வரைந்து காட்டுவது பெரிய உதவி.

லைப்ரரி இலவசம், பிஎஸ்டி எனும் திறந்த மூல உரிமம். பேனல் பேனலாக மாற்றலாம், மொத்தத்தையும் ஒரே நாளில் கலைக்க வேண்டியதில்லை. என் பிரிண்டர் அமைப்புத் திரை இன்னும் பழைய கிரிட்பேக்கில்தான் ஓடுகிறது.