சேப்பாக்கமும் காகிதக் குவளையும்

2024 செப்டம்பர் 19 அன்று, வங்கதேசத்துக்கு எதிரான டெஸ்டின் முதல் நாளில், அஸ்வின் தன் சொந்த மண்ணில் சதமடித்ததை நேரில் பார்த்தவர்களில் நானும் ஒருவன். முறைப்படி அந்த சதத்தைப் பற்றித்தான் எழுத வேண்டும். ஆனால் அதைப் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். சென்னை சேப்பாக்கம் மைதானத்தில் ஒரு பார்வையாளர் தண்ணீர் குடிப்பது எப்படி என்பதைப் பற்றி யாரும் எழுதியதாகத் தெரியவில்லை. மெல்பர்னிலிருந்து விடுமுறைக்கு வந்து, எழுபதைத் தாண்டிய அப்பாவை அழைத்துக்கொண்டு அந்த ஒரு நாளைக் கழித்த எனக்கு அதைத் தவிர வேறெதையும் எழுதத் தோன்றவில்லை.

வாசலில் பை கூடாது, தண்ணீர் பாட்டில் கூடாது, வீட்டுச் சாப்பாடு கூடாது. இது சேப்பாக்கத்தின் தனிச் சட்டமல்ல, இந்தியாவின் எந்த மைதானத்துக்குப் போனாலும் ஏறக்குறைய இதே விதிதான். மைதானத்துக்குள் பாட்டில் வீசப்பட்ட நாட்களை நானும் தொலைக்காட்சியில் பார்த்தவன் என்பதால் காரணம் புரியாமல் இல்லை. அப்பாவுக்குத்தான் புரியவில்லை. அவர் சேப்பாக்கத்துக்குப் போவது என்றால், அது தயிர்சாத டப்பாவும் தண்ணீர் பாட்டிலும் மடித்த செய்தித்தாளும் டிரான்சிஸ்டரும் சேர்ந்த ஒரு பயணம். பொங்கல் டெஸ்ட் நாட்களில் விடியற்காலையிலேயே வாலாஜா சாலையில் வரிசையில் நின்று, கொதிக்கும் சிமென்ட் படியில் செய்தித்தாளை விரித்து உட்கார்ந்து, கண்ணெதிரே நடக்கும் ஆட்டத்தை அப்துல் ஜப்பாரின் வருணனையைக் கேட்டபடியே பார்த்த தலைமுறை அவருடையது. பாட்டிலை வாசலிலேயே விட்டுவிட்டு வரச் சொன்னபோது அவர் வாதாடவில்லை. "அப்போ உள்ளே தாகம் எடுக்காதா?" என்று மட்டும் கேட்டார். காவலர் சிரித்துக்கொண்டே, உள்ளே குடிநீர் இலவசம் என்றார்.

உள்ளே குடிநீர் இருந்தது. அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் நான் எதிர்பார்த்துப் போனது அதுவல்ல. எங்கள் வரிசையிலிருந்து படியிறங்கி, நடைபாதைக்கு வந்தால் சுத்தமான, குளிர்ந்த நீர் காசில்லாமல் கிடைத்தது. கூடவே சின்னஞ்சிறு காகிதக் குவளைகள் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. ஒரு குவளைக்கு நான்கு மடக்கு தண்ணீர் பிடிக்கும். நடைபாதையிலேயே நின்று குடித்துவிட்டுப் போகிறவர்களுக்கு அது போதும். மேலே உட்கார்ந்திருக்கும் வயதானவருக்குக் கொண்டுபோக வேண்டியவன், கைக்கு ஒன்றாக இரண்டு குவளைகளை ஏந்திக்கொண்டு, கைப்பிடியைப் பிடிக்க வழியில்லாமல், குறுக்கே வரும் பாப்கார்ன்காரருக்கு ஒதுங்கி, முழங்கால்களை மடக்கி வழிவிடும் அத்தனை பேரிடமும் மன்னிப்புக் கேட்டு, இருக்கைக்குப் போய்ச் சேரும்போது இரண்டு குவளைத் தண்ணீர் ஒன்றேகால் ஆகியிருக்கும். மீதி, முன் வரிசையில் மஞ்சள் சட்டை போட்டிருந்த ஒரு பையனின் முதுகில் இருந்தது. அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வேர்வை என்று நினைத்திருப்பான்.

செப்டம்பர் மாதத்துச் சென்னையை வெளியூரில் இருந்து வருகிறவர்கள் குறைத்து மதிப்பிடுவார்கள். வெயிலின் அளவு டிகிரியில் தெரிந்துவிடும், கடற்கரைக்கு அருகில் இருக்கும் மைதானத்தின் புழுக்கம் அதில் தெரியாது. மெல்பர்னில் வெயில் சுட்டாலும் காற்று வறண்டது. நிழலுக்கு நகர்ந்தால் உடம்பு தேறிவிடும். இங்கே நிழலில் உட்கார்ந்திருந்தாலும் சட்டை நனைந்துகொண்டே இருக்கிறது. 1986 செப்டம்பரில், ஏறக்குறைய இதே தேதிகளில், ஆஸ்திரேலியாவின் டீன் ஜோன்ஸ் இதே மைதானத்தில் 210 ரன் எடுத்துவிட்டு, உடலில் நீர் வற்றி மருத்துவமனையில் குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டார். அந்த டெஸ்ட்தான், இந்தியா வெற்றிக்கு ஒரே ஒரு ரன் குறைவில், 347 ரன்களில் நிற்க, கடைசி ஓவரின் ஐந்தாவது பந்தில் மணீந்தர் சிங் ஆட்டமிழந்து சமனில் முடிந்தது. ஜோன்ஸ் எங்கள் மெல்பர்ன்காரர் என்று நான் பெருமையாகச் சொன்னால், அதே வெயிலில் கிரெக் மேத்யூஸ் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு பந்து வீசிப் பத்து விக்கெட் எடுத்தாரே, அவர் எந்த ஊர் என்று அப்பா கேட்கிறார். அந்த டெஸ்ட் தொடங்குவதற்கு முந்தைய நாள், செப்டம்பர் 17 அன்று, இதே ஊரில் பிறந்தவர்தான் அஸ்வின். இந்தத் தகவலை அப்பா பக்கத்து இருக்கைக்காரருக்கும், அவருக்கு அடுத்தவருக்கும், பிறகு ஐஸ்கிரீம் விற்றவருக்கும் சொன்னார்.

நான் தண்ணீருக்கு இறங்கியபோதெல்லாம் ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. இந்தியா 144 ரன்னுக்கு ஆறு விக்கெட்டை இழந்து, வங்கதேசப் பந்துவீச்சாளர் ஹசன் மஹ்மூத் ஆட்டத்தைத் தன் கையில் வைத்திருந்த நிலையிலிருந்து, அஸ்வினும் ஜடேஜாவும் அன்று மாலை 339 வரை கொண்டுபோனார்கள். அந்த ரன்களில் ஒரு நல்ல பகுதியை நான் காதால்தான் பார்த்தேன். குழாயடியில் குவளை நிறைவதற்குள் மேலே ஓர் இரைச்சல் எழும். அது நான்கா, ஆறா என்று அங்கு நிற்கும் எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வோம்.

தேநீர் இடைவேளைக்குச் சற்று முன்பு, நடைபாதையைத் துப்புரவு செய்துகொண்டிருந்த ஒரு பெண்மணி என்னை நிறுத்தினார். நான் இறங்கி ஏறுவதை எத்தனை முறை கவனித்திருப்பாரோ தெரியாது. குளிர்பானக் கோப்பைகளை வைத்து எடுத்துப்போகும், நான்கு பள்ளங்கள் உள்ள அட்டைத் தட்டு ஒன்றை எங்கிருந்தோ கொண்டுவந்து, "இதுல வச்சு எடுத்துட்டுப் போங்க தம்பி, பெரியவருக்கு ஒரே தடவையில நாலு ஆச்சு" என்றார். நன்றி சொல்லி முடிப்பதற்குள், "தட்டைத் திருப்பிக் கொடுத்துடணும்" என்று கண்டிப்பாகவும் சொன்னார். சாதாரண அட்டைத் தட்டுதான். மெல்பர்னில் காபி வாங்கினால் கேட்காமலே கொடுத்து, அடுத்த முனையில் குப்பையில் விழும் பொருள். இங்கே அது எங்கள் வரிசையின் பொதுச் சொத்தாகிவிட்டது. நான் இறங்கப் போகிறேன் என்றால் வலப்பக்கத்திலிருந்து இரண்டு பேர் விரல் காட்டுவார்கள். அடுத்த முறை அவர்களில் ஒருவர் தட்டை எடுத்துக்கொண்டு போவார், அப்பாவுக்கு என்று கேட்காமலே ஒரு குவளை வந்துவிடும். ஈரத்தில் ஒரு பள்ளம் நைந்துபோன பிறகு மூன்று குவளைகளோடு அது ஓடியது. மாலையில் அதைத் திருப்பிக் கொடுத்தபோது, அந்த அம்மாள் நைந்த பள்ளத்தைத் திருப்பிப் பார்த்து, "ஒண்ணைக் கெடுத்துட்டீங்களே" என்றார்.

மெல்பர்ன் கிரிக்கெட் மைதானத்தில் ஒரு லட்சம் பேர் உட்காரலாம். டிசம்பர் 26 அன்று தொடங்கும் பாக்சிங் டே டெஸ்டுக்கு வீட்டிலிருந்து சாப்பாடு கட்டிக்கொண்டு போகலாம். தண்ணீர் பாட்டிலைக் கையோடு கொண்டுபோய் உள்ளே குழாயில் நிரப்பிக்கொள்ளலாம். நான் இத்தனை ஆண்டுகளாக அங்கே போய் வந்ததில், பக்கத்து இருக்கைக்காரரிடம் ஸ்கோரைத் தவிர வேறெதுவும் பேசிய நினைவில்லை. அதை வைத்து அங்குள்ள ஏற்பாட்டைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. பாட்டில் கையில் இருந்தால் நான் அஸ்வினின் இன்னும் இருபது ரன்களைக் கண்ணால் பார்த்திருப்பேன்.

எரிச்சல் வருவதற்குக் காரணமே, மற்ற எல்லாவற்றையும் இவர்கள் இவ்வளவு நன்றாகச் செய்திருப்பதுதான். 1916இல் உருவான மைதானம் இது. 1934 பிப்ரவரியில் இங்கிலாந்துக்கு எதிராக இங்கே முதல் டெஸ்ட் நடந்தது. அதே ஆண்டு நவம்பர் 4 அன்று ரஞ்சிக் கோப்பையின் முதல் ஆட்டத்தில் சென்னை மாகாணம் மைசூரை ஒரே நாளில் தோற்கடித்தது. 1952இல் வினூ மன்கட் ஒரே இன்னிங்ஸில் 55 ரன்னுக்கு எட்டு விக்கெட் எடுக்க, இந்தியா தன் முதல் டெஸ்ட் வெற்றியைப் பெற்றதும் இங்கேதான். இடையில் சில ஆண்டுகள் டெஸ்ட் ஆட்டங்கள் கார்ப்பரேஷன் ஸ்டேடியத்துக்குப் போயின. மன்கட்டும் பங்கஜ் ராயும் 413 ரன் சேர்த்த 1956ஆம் ஆண்டு ஆட்டம் அங்கே நடந்தது என்பதைச் சேப்பாக்கத்துக் கணக்கில் சேர்ப்பவர்களை அப்பா இன்றும் விடுவதில்லை. 1967 ஜனவரியில் மேற்கிந்தியத் தீவுகளோடு டெஸ்ட் கிரிக்கெட் சேப்பாக்கத்துக்குத் திரும்பியது.

நான் ஊரை விட்டுப் போனபோது இருந்தது, சுற்றிலும் கட்டடம் சூழ்ந்து, தூண்கள் மறைக்க, கடல் பக்கத்திலேயே இருந்தும் காற்று நுழையாத கிண்ணம். 2011 உலகக் கோப்பைக்காகப் புதுப்பித்தபோது கேலரிகளைத் தனித்தனியாகப் பிரித்து, இடையே வெளி விட்டு, மேலே வெள்ளைக் கூடாரத் துணி போன்ற கூரைகளைப் போட்டார்கள். பிற்பகலில் அந்த இடைவெளிகள் வழியே கடற்காற்று வந்தபோது, அப்பா பேச்சை நிறுத்திவிட்டுச் சட்டைப் பொத்தானைத் திறந்துவிட்டார். அப்படிக் கட்டிய ஐ, ஜே, கே கேலரிகளைப் பக்கத்தில் இருந்த மெட்ராஸ் கிரிக்கெட் கிளப்பின் உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போதிய இடைவெளி இல்லை என்று பூட்டி வைத்ததும், பல ஆண்டுகள் தொலைக்காட்சியில் அந்த வெற்று இருக்கைகளை மெல்பர்னில் இருந்து பார்த்து நான் வயிறெரிந்ததும் தனிக் கதை. கூடம் இடிக்கப்பட்டு, பழைய அண்ணா பெவிலியன் இருந்த பக்கம் புதிய கட்டடம் எழுந்து, 2023 மார்ச்சில் கலைஞர் பெயரிலான கேலரி திறக்கப்பட்ட பிறகுதான் மைதானம் ஒரு முழு வட்டமாகத் தெரிகிறது.

வெயிலுக்கும் காற்றுக்கும் இவ்வளவு யோசித்தவர்கள் இருக்கும் இடத்தில், தண்ணீருக்கான விதி மட்டும் இரவு நேரத்து இருபது ஓவர் ஆட்டத்தை மனதில் வைத்து எழுதப்பட்டது போலிருக்கிறது. மூன்றரை மணி நேரத்துக்குக் காகிதக் குவளை போதும். காலை 9.30க்குத் தொடங்கி மாலை வரை நீளும் டெஸ்டுக்கு வருகிறவர்கள் வேறு வகை. பாதிப் பேர் அப்பாவின் வயதுக்காரர்கள், பாட்டில் வீசும் வயதைக் கடந்தவர்கள். கசக்கினால் நசுங்கும் மெல்லிய பாட்டிலை, மூடியைக் கழற்றி வாங்கிக்கொண்டு டெஸ்ட் நாட்களில் மட்டும் அனுமதிப்பதில் யாருக்கும் ஆபத்து வந்துவிடாது. அதுவரை, பெரியவர்களை அழைத்துப் போகிறவர்கள் நிழல் வேண்டும் என்று உச்சி வரிசைக்கு டிக்கெட் எடுக்காமல், நடைபாதைக்கு ஒட்டினாற்போல, ஓரத்து இருக்கையாக எடுங்கள். முதல் குளிர்பானம் வாங்கும்போதே அந்த அட்டைத் தட்டையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.