நரம்பிழையின் வழியைப் பார்க்க: கோழி முட்டையா, வரிக்குதிரை மீனா?

நரம்பிழை என்பது நரம்பு செல்லிலிருந்து நீளும் மெல்லிய இழை (axon). கருவில் அது எந்த வழியில் வளர்கிறது என்று பார்க்க, தஞ்சாவூர்ப் பக்கம் முதுகலை புராஜெக்ட் செய்பவர்களுக்காக இந்த ஒப்பீடு.

செலவு: முட்டை மலிவு. ஆனால் கடை வெள்ளை முட்டையில் குஞ்சாக வளரும் கரு இருக்காது; சேவலோடு மேயும் நாட்டுக்கோழி முட்டை வேண்டும். மீனுக்குத் தொட்டி, பம்ப்.

சூடு: முட்டைக்கு சுமார் 37.5 டிகிரி, கரண்ட் போனால் கஷ்டம். மீனுக்கு 28.5, டெல்டா வெயிலுக்கு அது சுலபம்.

பார்வை: மீன்கரு கண்ணாடி மாதிரி. நரம்பை ஒளிரச் செய்தால், ஒரே நாளில் தண்டுவடத்திலிருந்து நரம்பிழை தசைக்கு இறங்குவதை உயிரோடு பார்க்கலாம். முட்டை ஓட்டில் ஜன்னல் வெட்டினால் துடிக்கும் இதயம் தெரியும்; நரம்புக்குச் சாயம் ஏற்ற வேண்டும்.

புரதம்: இங்கே கோழிதான் எனக்குப் பிடிக்கும். நரம்பிழையைத் தன் பக்கம் ஈர்த்து வழிகாட்டும் நெட்ரின் என்ற புரதத்தை 1994-ல் கோழிக்கரு மூளையிலிருந்தே பிரித்தார்கள். வழிநடத்துபவர் என்று பொருள்படும் வடமொழிச் சொல்லிலிருந்து வந்ததே அதன் பெயர்! ஸ்லிட் என்ற இன்னொரு புரதம் இழையை விலக்கித் தள்ளும்.

வளர்ச்சியை நேரில் பார்க்க மீன். திசுவை வெட்டிப் புரதத்தைச் சோதிக்க முட்டை.