ரிபல்ஷன்: விலக்கலா, அருவருப்பா?

'ரிபல்ஷன்' என்ற ஆங்கிலச் சொல்லைத் தமிழில் எழுத உட்கார்ந்தால் இரண்டு சொற்கள் முன்னால் வந்து நிற்கும்: விலக்கல், அருவருப்பு.

இயற்பியல் என்றால் யோசிக்கவே வேண்டாம், விலக்கல்தான். இரண்டு காந்தங்களின் வடதுருவங்களை நெருக்கினால் தள்ளிக்கொண்டு போகுமே, அது. மின்னூட்டங்களுக்கு 1785இல் கூலும் என்ற பிரெஞ்சு இயற்பியலாளர் சொன்ன விதியும் இதற்குப் பொருந்தும்: இடைவெளி பாதியானால் விலக்குவிசை நான்கு மடங்கு. இரு பக்கமும் ஒரே அளவு தள்ளும்.

அருவருப்பு அப்படியில்லை, ஒருதலையானது. கரப்பான்பூச்சியைப் பார்த்து நாம்தான் முகம் சுளிக்கிறோம். அது பாட்டுக்கு அது போகிறது. சிலர் இந்த இடத்தில் 'வெறுப்பு' என்று எழுதுகிறார்கள். எனக்கு ஒப்பவில்லை. வெறுப்பு மனதில் ஊறி நாள்கணக்கில் கிடக்கும்; அருவருப்பு வயிற்றிலிருந்து சட்டென்று கிளம்பும். கடன் வாங்கி ஏமாற்றியவனை வெறுப்போம், ஆனால் அவனைப் பார்த்துக் குமட்டாது. சோற்றில் தலைமுடி கிடந்தால் குமட்டும், அதற்காக யாரும் முடியை வெறுப்பதில்லை. பழைய சொல் வேண்டுமென்றால் தொல்காப்பியத்தின் எட்டு மெய்ப்பாடுகளில், அதாவது உடலில் வெளிப்படும் உணர்ச்சிகளில், 'இளிவரல்' இருக்கிறது. மூப்பு, பிணி, வருத்தம், மென்மை ஆகிய நான்கிலும் அது பிறக்கும் என்கிறது நூல். ஆக, அருவருப்பைவிட அகலமான சொல். தன் நிலையை எண்ணிக் கூசுவதும் அதில் அடங்கும். அன்றாட எழுத்துக்குக் கொஞ்சம் கனம்தான்.

அப்புறம், போர்ச்செய்தியில் வந்தால் இந்த இரண்டுமே உதவாது. தாக்குதலை 'முறியடித்தார்கள்' என்று எழுதிவிடலாம்.