உச்ச மதிப்பெண், சதமானம், இசட் புள்ளி: மூன்று சமன்படுத்தல் முறைகள்

மாநிலப் பாடத்திட்டத்தில் படித்தவரும் சிபிஎஸ்இ பாடத்திட்டத்தில் படித்தவரும் ஒரே பொறியியல் இடத்துக்குப் போட்டியிடும்போது, வெவ்வேறு வினாத்தாள்களுக்கு வெவ்வேறு திருத்துநர்கள் இட்ட மதிப்பெண்களை அப்படியே ஒப்பிட முடியாது. இதுபோன்ற சிக்கல்களுக்குத் தமிழ்நாட்டுப் பொறியியல் சேர்க்கையும், தேசியப் பொறியியல் நுழைவுத் தேர்வான ஜேஇஇ மெயினும், இலங்கையில் பல்கலைக்கழக அனுமதிக்கான பள்ளியிறுதித் தேர்வாகிய க.பொ.த. உயர்தரமும் மூன்று வெவ்வேறு விடைகளைக் கண்டிருக்கின்றன.

மூன்றில் எளிதாக விளங்குவது தமிழ்நாட்டு முறை. 2006-ஆம் ஆண்டுச் சட்டம் நுழைவுத் தேர்வை நீக்கிய பிறகு, பன்னிரண்டாம் வகுப்பின் கணிதத்தை 100-க்கும், இயற்பியலையும் வேதியியலையும் தலா 50-க்கும் கணக்கிட்டு 200-க்குக் கட்-ஆஃப் போடுகிறார்கள். ஒரு பாடத்தில் மாநில வாரியத்தின் உச்ச மதிப்பெண் 100, வேறொரு வாரியத்தின் உச்சம் 90 என்றால், அந்த 90 நூறாகக் கொள்ளப்படும். அங்கே 60 வாங்கியவருக்கு ஏறக்குறைய 66.67 கிடைக்கும். பெற்றோர் எவரும் வீட்டிலேயே சரிபார்த்துக்கொள்ளக்கூடிய கணக்கு இது என்பது பெரிய நன்மைதான். ஆனால் ஒரு வாரியத்து மாணவர் அனைவரின் மதிப்பெண்ணையும் மாற்றும் அளவுகோல், ஒரே ஒருவரின் விடைத்தாளைச் சார்ந்து நிற்கிறது. இரு வாரியங்களிலும் ஒருவரேனும் நூற்றுக்கு நூறு வாங்கிவிட்டால் பெருக்கும் எண் ஒன்றாகிவிடும். கடுமையாகத் திருத்தும் வாரியத்தின் சராசரி 20 மதிப்பெண் தாழ்ந்திருந்தாலும், அங்குள்ள நடுத்தர மாணவருக்கு அரை மதிப்பெண்கூட ஏறாது. சமன்படுத்தல் மிகவும் தேவைப்படுகிற இடத்தில் இந்த முறை செயலற்றுப் போகிறது என்பதால், மூன்றில் இதையே வலுக்குறைந்ததாகக் கருதுகிறேன்.

பெர்சென்டைல் என்று எல்லோரும் சொல்லும் சதமானத்தை, வெவ்வேறு வினாத்தாள்களுடன் பல அமர்வுகளாக நடக்கும் ஜேஇஇ மெயின் 2019-இலிருந்து பயன்படுத்துகிறது. ஒருவர் வாங்கிய மதிப்பெண்ணையோ அதற்குக் குறைவாகவோ அவருடைய அமர்வில் எத்தனை விழுக்காட்டினர் பெற்றார்கள் என்பதே அவருடைய புள்ளி. ஒவ்வோர் அமர்வின் முதல்வருக்கும் 100 கிடைக்கும். தேர்வர்களைத் தற்செயல் முறையில் அமர்வுகளுக்குப் பிரிப்பதால், எல்லா அமர்வுகளின் தேர்வர் கூட்டமும் ஏறத்தாழ ஒரே திறனுடையது என்ற எடுகோள் இங்கே நியாயமானது. இழப்பு வேறிடத்தில் இருக்கிறது: தரவரிசை மட்டுமே மிஞ்சுவதால், இருவருக்கிடையே மதிப்பெண்ணில் இருந்த தொலைவு மறைந்துவிடுகிறது. மாணவர்கள் நெருங்கி நிற்கும் பகுதியில் இரண்டு மூன்று மதிப்பெண்ணே பெரிய தாவலாகிவிட, உச்சியில் இருப்பவர்களுக்குப் பல மதிப்பெண் வேறுபாடும் தசமப் புள்ளிக்குப் பின்னே ஒதுங்கிவிடுகிறது.

இசட் புள்ளி அந்தத் தொலைவைக் காப்பாற்றுகிறது. மாணவரின் மதிப்பெண்ணிலிருந்து பாடத்தின் சராசரியைக் கழித்து, கிடைப்பதைத் திட்ட விலக்கத்தால், அதாவது மதிப்பெண்கள் சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறியிருக்கின்றன என்ற அளவால், வகுக்க வேண்டும். சராசரி 40, திட்ட விலக்கம் 15 உள்ள பாடத்தில் 70 வாங்கியவரின் புள்ளி 2. சராசரி 60, திட்ட விலக்கம் 10 உள்ள பாடத்தில் 75 வாங்கியவருக்கு 1.5 மட்டுமே. இலங்கையில் 2001-இலிருந்து மூன்று பாடங்களின் இசட் புள்ளிச் சராசரியே பல்கலைக்கழக அனுமதியைத் தீர்மானித்துவருகிறது. உச்சம் பெற்ற ஒருவரைச் சாராமல் எழுதிய அனைவரையும் கணக்கில் கொள்வதால் இதையே நான் மேலானதாக மதிக்கிறேன். எனினும், திறமைசாலிகள் மட்டுமே விரும்பி எடுக்கும் பாடத்தில் சராசரியே உயர்ந்துவிடுவதால், அதை எடுத்த நல்ல மாணவர் நட்டப்படுகிறார் என்ற குறை இதிலும் உண்டு.

சூத்திரத்தைவிடப் பெரிய கேள்வி, யாரை யாரோடு ஒரே குழுவாக வைத்து எண்ணுகிறோம் என்பது. 2011 உயர்தரத் தேர்வில் பழைய பாடத்திட்டத்தினரையும் புதிய பாடத்திட்டத்தினரையும் சேர்த்துக் கணித்ததை 2012-இல் இலங்கையின் உச்ச நீதிமன்றம் ஏற்காமல், இரண்டு தனிக் குழுக்களாகக் கணிக்கச் சொன்னது. அங்கே பிரிக்க வேண்டியதைச் சேர்த்தார்கள். அதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன் சேர்ந்திருக்க வேண்டியதைப் பிரித்தார்கள். 1970களின் தொடக்கத்தில் மருத்துவ பீடத்துக்கு, 400-க்குத் தமிழ்மொழி மூல மாணவர் 250 பெற வேண்டியிருந்தபோது, சிங்களமொழி மூல மாணவருக்கு 229 போதுமானதாக இருந்தது. 1973-இன் மொழிவாரித் தரப்படுத்தல், ஒவ்வொரு மொழியிலும் எழுதியோரின் எண்ணிக்கைக்கு ஒத்த விகிதத்தில் இடம் கிடைக்கும்படி மதிப்பெண்களை மாற்றியது. ஒரு புள்ளியியல் கருவி ஒரு தலைமுறையின் படிப்பையே பறிக்கக்கூடும் என்பதை ஈழத்தமிழர் அப்போது அனுபவித்து அறிந்தார்கள். ‘தரப்படுத்தல்’ என்ற சொல்லின் கசப்பு இன்னும் போகவில்லை. இன்றைய இசட் புள்ளியில் ஒரு பாடத்தை எழுதும் மூன்று மொழியினரும் ஒரே குழு என்பதே அதற்கும் இதற்குமான அடிப்படை வேறுபாடு.

மதிப்பெண்ணைத் தரமாக மாற்றுவதிலும் இரு வழிகள் உண்டு. உயர்தரத்துக்கு முந்தைய பொதுத்தேர்வான இலங்கையின் சாதாரண தரத்தில் 75 முதல் ஏ, 65 முதல் பி என்று எல்லை நிலையானது. ஆகவே வினாத்தாள் கடினமான ஆண்டில் ஏ எடுப்போர் குறைவார்கள். சிபிஎஸ்இயோ தேர்ச்சி பெற்றவர்களை வரிசைப்படுத்தி, முதல் எட்டில் ஒரு பங்கினருக்கு ஏ1, அடுத்த பங்கினருக்கு ஏ2 என்று வழங்குகிறது. அங்கே எல்லைதான் ஆண்டுக்கு ஆண்டு நகரும். சான்றிதழுக்கு நிலையான எல்லையே ஏற்றது என்பேன், ஏனெனில் மாணவர் என்ன கற்றார் என்பதை அது சொல்கிறது. ஆனால் இடம் ஒதுக்க அது போதாது: உயர்தரத்தில் மூன்று ஏ பெற்றும் தம் மாவட்டத்துக்குரிய இசட் வெட்டுப்புள்ளியை எட்டாமல் மருத்துவ பீடத்தைத் தவறவிடுகிறவர்கள் இருக்கிறார்கள்.